அத்தையின் மண்டையப்பம்

பேத்திக்கு வலிப்பு நின்றுவிட்டால் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் வைப்பதாக என் மாமியார் நேர்ந்திருந்தார். வலிப்பு நிற்கவில்லை. ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே பிள்ளை போய்விட்டாள்.

அதன்பிறகு மூன்று மாசிக் கொடைத் திருவிழாக்கள் கடந்துவிட்டன. இந்த வருடம் கொடை முடிந்து கூட்டம் வடிந்ததும், “நேர்ச்சையைச் செலுத்திவிட்டு வருவோம், மக்களே” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. “சுகமானால் செலுத்துகிறேன் என்றுதானே நேர்ந்தீர்கள், அத்தை?” என்று கேட்டேன். “வாக்குக் கொடுத்தது நான். அம்மை எனக்கு ஒரு வாக்கும் தரவில்லையே” என்றார். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமலேதான் நாகர்கோவிலில் குளச்சல் பஸ் ஏறினேன்.

மணவாளக்குறிச்சியைத் தாண்டும்போதே கடற்காற்று முகத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். மண்டைக்காட்டில் இறங்கி முதலில் கடலுக்குப் போனோம். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால் நனைத்தார். நான் மணலிலேயே நின்றேன்.

கேரளப் பாணியில் அமைந்த கோயில். உள்ளே சிலை வைத்துக் கட்டிய அம்மன் இல்லை. ஏறக்குறைய 15 அடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் புற்றுதான் பகவதி. உச்சியில் அம்மன் முகம். இருமுடி கட்டிப் பெண்கள் வருவதால் ‘பெண்களின் சபரிமலை’ என்று பெயர். கொடை நாட்களில் “அம்மே சரணம், தேவி சரணம்” என்ற குரலுக்கு நடுவே நம் குரல் நமக்கே கேட்காது. அன்று வரிசையில் முப்பது பேர்கூட இல்லை. கை, கால் உருவங்களைக் காணிக்கை வைக்க ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் நின்றது.

மண்டையப்பம் பெரும்பாலும் தலைவலிக்காக நேர்வது. வலிப்பும் மண்டைக்குள் இருக்கிற சங்கடம்தானே என்பது அத்தையின் கணக்கு. மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: மூளையின் மின்னோட்டத்தில் திடீரென்று எழும் கொந்தளிப்பு. திருவனந்தபுரத்தில் தலையில் கம்பிகளை ஒட்டி அந்த மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஈஜி எடுத்துவிட்டு ரயிலில் திரும்பும்போது, தலைமுடியில் காய்ந்திருந்த பசையை அவள் வழியெல்லாம் சுரண்டிக்கொண்டே வந்தாள். முதல் வலிப்பு வந்த அன்று பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவள் கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையெல்லாம் பிறகுதான் கற்றுக்கொண்டோம். ஆனால் சாவி அவளோடு தங்கிவிட்டது. வலிப்பு வரும் முன் நாக்கில் ஏதோ உலோக ருசி தட்டும் போலிருக்கிறது. “அம்மா, வாயில் சாவி” என்பாள். பத்து எண்ணுவதற்குள் கண் ஒரு பக்கமாகச் செருகிவிடும். சில நாட்களில் அதைச் சொல்லக்கூட நேரம் கிடைக்காது.

வலிப்புக்குத் தமிழில் ‘முயலகன்’ என்றொரு பழைய பெயர் உண்டு. கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது தல வரலாறு. திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் திருவாசிக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போய், பதிகம் முழுவதையும் தப்பும் தவறுமாகப் பாடியிருக்கிறேன். நடராஜர் காலடியில் கிடப்பவனும் அதே முயலகன்தான். அவனை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறார், கொல்லவில்லை. மருந்தும் அப்படித்தான், அடக்கி வைக்கும். மூன்றில் ஒருவருக்கு அந்த அடக்கமும் முழுதாகக் கிடைப்பதில்லை. எங்கள் பிள்ளை அந்த ஒருத்தி.

வரிசையில் நிற்கும்போது என் கைப்பேசி அடித்தது. காலை எட்டு மணி மருந்துக்கு வைத்த அலாரம். இரவு எட்டுக்கும் ஒன்று உண்டு. இரண்டையும் நான் இன்னும் நீக்கவில்லை. அத்தையின் கை தானாகப் பைக்குள் போய்த் தண்ணீர் பாட்டிலைத் தேடியது. பிறகு வெளியே வந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டது.

சந்நிதியில் எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. புற்றின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்த ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் உதடு அசைய நெடுநேரம் பேசினார். தட்டை நீட்டும்போது கை நடுங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இலையைப் பிரித்தார். பச்சரிசி மாவும் வெல்லமும் பாசிப்பயறும் சேர்த்து, ஒரு குழந்தை இரண்டு கையாலும் பிடிக்கும் அளவுக்குப் பிடித்து வைத்த அப்பம். சுக்கும் ஏலக்காயும் மணத்தன. பிட்டு வாயில் போட்டேன். பல்லில் ஒட்டியது.

“இதை அவள் தின்றிருக்க மாட்டாள், அத்தை. பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து என் முந்தானையில் தேய்த்திருப்பாள்.”

அன்று அத்தை சிரித்தது அப்போதுதான். “அவள் அப்பனும் சின்னதில் அப்படித்தான்” என்றார், இன்னொரு துண்டு பிட்டு என் கையில் வைத்துக்கொண்டே.