பயிரைக் கருக்குறது குளிர் இல்ல, ஐஸ்

உறைபனி விழுந்த ராத்திரிக்கு அடுத்த நாள் உருளைக்கிழங்கு வயலைப் பாத்தா இலையெல்லாம் வேகவெச்ச கீரை மாதிரி துவண்டு கிடக்கும், வெயில் ஏற ஏற அப்படியே கருத்துடும். குளிர் தாங்காம செத்துப்போச்சுன்னு சொல்றோம், ஆனா நெஜமா அங்க வேலையைக் காட்டுனது ஐஸ். முதல்ல செல்லுக்கு வெளில இருக்கற இடுக்குல தான் அது உருவாகும், அப்புறம் செல்லுக்குள்ள இருக்கற தண்ணியை வெளில இழுக்கும், செல் வத்தி சுருங்கி அதோட சவ்வு கெட்டுப்போயிடும், வெயில் வந்து ஐஸ் உருகுனதும் உள்ள இருந்ததெல்லாம் கசிஞ்சிடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், தண்ணி 0 டிகிரிக்கு வந்தவுடனே உறைஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. சுத்தமான சின்ன துளின்னா -38 டிகிரி கிட்ட வரைக்கும் கூட திரவமாவே இருக்கும். ஐஸ் ஆரம்பிக்க ஏதாவது ஒரு பிடிமானம் வேணும். அதைக் குடுக்கறதுல பேர் போனது இலை மேலயே வாழற சூடோமோனாஸ் சிரிஞ்சேங்கற பாக்டீரியா, அதோட வெளிப்புறத்துல இருக்கற ஒரு புரதம் தண்ணி மூலக்கூறுகளை ஐஸ் மாதிரியே வரிசைப்படுத்திடும், அதனால -2 டிகிரியிலயே உறைய ஆரம்பிச்சிடும். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் லிண்டோவோட குழு அந்தப் புரதத்துக்கான ஜீனை எடுத்துட்ட பாக்டீரியாவை உருவாக்குனாங்க, 1987ல கலிஃபோர்னியாவுல ஒரு கம்பெனி ஸ்ட்ராபெர்ரி வயல்லயும், இவங்க உருளை வயல்லயும் தெளிச்சுப் பாத்தாங்க. எதிர்த்தவங்க ராத்திரியோட ராத்திரியா செடியைப் பிடுங்கிப் போட்ட கதையும் உண்டு. ஐடியா ரொம்ப எளிமையானது, நல்ல பாக்டீரியா முதல்ல இலையில இடம் பிடிச்சிட்டா மத்ததுக்கு இடம் இருக்காது.

ஆனா என்னைக் கேட்டா பெரிய நம்பிக்கை செடிக்குள்ளயே தான் இருக்கு. குளிர்காலக் கோதுமை கொஞ்ச கொஞ்சமா குளிர் ஏறும்போது தன்னைத் தயார்படுத்திக்கும், சிபிஎஃப்னு சொல்ற ஜீன்கள் முழிச்சுக்கிட்டு கூட ஏகப்பட்ட ஜீன்களை வேலைக்கு இழுக்கும், சர்க்கரை சேரும், சவ்வோட கொழுப்பு மாறும். நாம சாப்பிடற உருளைக்கு இந்தப் பழக்கமே வரல, -3 கிட்ட போனாலே அவ்ளோதான். அதோட காட்டு உறவான சொலானம் கம்மர்சோனியை குளிர்ல பழக்கிட்டா -10 வரைக்கும் தாங்கும்! ரெண்டையும் நேரா கிராஸ் பண்ணா விதை சரியா பிடிக்காது, அதனால லேப்ல செல்லோட செல்லை இணைச்செல்லாம் பாத்திருக்காங்க, இந்த மாதிரி வேலைக்கு இன்னும் நிறைய பணமும் ஆளும் போடணும்னு நினைக்கறேன்.

தாங்கும் சக்தி மட்டும் இருந்தா பத்தாது, நேரமும் முக்கியம். ஆப்பிள் மொட்டு லேசா வெள்ளி நிறம் காட்டற கட்டத்துல -9 டிகிரியில கூட பத்துல ஒண்ணு தான் போகும், அதே மரம் முழுசா பூத்து நிக்கறப்போ -4 வந்தா பத்துல ஒம்பது பூ காலி. குளிர்காலம் சீக்கிரம் சூடானா மரம் ஏமாந்து முன்னாடியே பூத்துடும், அதுக்கப்புறம் ஒரே ஒரு ராத்திரி உறைபனி வந்தாலும் அந்த வருஷ மகசூல் போச்சு. அதனால புது ரகம் எடுக்கறவங்க எத்தனை டிகிரி தாங்குதுன்னு பாக்கற அதே அக்கறையோட எப்போ பூக்குதுன்னும் பாக்கணும், சில நாள் தள்ளிப் பூக்கற ரகம் கிடைச்சாலே அந்த ஆபத்தான ராத்திரிகள்ல பாதியைத் தாண்டிடலாம்னு தோணுது.