ஏழாவது வரி

"தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிப்போம்."

எங்கள் பள்ளிக்கூடத்தின் 2025 தவக்கால அறிவித்தலில் இது ஏழாவது வரி. தவக்காலம் என்றால் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவம்; ஒருசந்தி என்றால் சாப்பாட்டைக் குறைக்கிற உபவாசம்; சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. யாரும் இருந்து யோசித்து எழுதியதல்ல. போன வருட அறிவித்தலில் இருந்தது. அதற்கு முந்திய வருடமும் இருந்தது. முதலில் எங்கள் கோவில் பங்கின் அறிவித்தலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கணினியில் திகதிகளை மட்டும் மாற்றி, அரைத் தாளில் அச்சடித்து, தரம் 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளின் வீட்டுவேலைக் கொப்பியிலும் ஒட்டி அனுப்பியாயிற்று.

முதல் வெள்ளி சிலுவைப்பாதையில், அதாவது இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நினைத்துச் செபிக்கிற வழிபாட்டில், நாலாம் தலத்துக்கும் ஐந்தாம் தலத்துக்கும் இடையில், தரம் 3 பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. நிழலில் கிடத்தி, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்ததும் தெளிந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் அம்மம்மா வந்தார். அலுவலக விறாந்தையில் நடந்த பேச்சு நாலே வரி.

"நோட்டீசில இருந்ததைத்தானே ரீச்சர் செய்தனாங்கள்."

"அது பெரியாக்களுக்கு, அம்மா."

"பெரியாக்களுக்கெண்டா ஏன் பிள்ளையின்ர கொப்பியில ஒட்டினனீங்கள்?"

"விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியில் தோய்த்த மாரி பிஸ்கட்டைப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நாலாவது வரி என்னுடையது. அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

சட்டப்படி பார்த்தால் நான் சொன்ன இரண்டாவது வரி சரி. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பில் வயதெல்லை தெளிவாக இருக்கிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு. 59 நிறைந்து அறுபதாவது வயது தொடங்கியதும் அந்தக் கடமை முடிந்துவிடும். ஒருசந்தி என்றாலும் முழுப் பட்டினி அல்ல. ஒரு வேளை நிறைவான சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சிறிதளவு என்பதே வழக்கம். அதுவும் வருடத்தில் இரண்டே நாள்: தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன், இயேசுவின் மரணத்தை நினைக்கிற பெரிய வெள்ளி. மற்றத் தவக்கால வெள்ளிகளுக்குச் சுத்தபோசனம் மட்டும்தான்.

ஆகவே ஏழாவது வரியில் பிழை ஒன்றல்ல, இரண்டு. ஒருசந்தியை எல்லா வெள்ளிக்கும் நீட்டியது ஒன்று. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து "அனுசரிப்போம்" என்று முடித்தது மற்றது. அந்த "-ஓம்" எங்கள் அறிவித்தல்களில் சும்மா மரியாதைக்கு வருகிற விகுதி. "கொண்டுவாருங்கள்" என்றால் கட்டளை மாதிரி இருக்கும் என்று "கொண்டுவருவோம்" என்று எழுதுவோம். யார் யார் அந்த "நாம்" என்று யாரும் கேட்டதில்லை. அம்மம்மா கேட்டார்.

பழைய சட்டத்தில் இருந்துதான் அவர் அப்படிச் செய்தார் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். 1917 சட்டத் தொகுப்பில் சுத்தபோசனத்துக்கு வயது ஏழு நிறைந்தால் போதும். 1966 பெப்ரவரியில் ஆறாம் பவுல் பாப்பரசர் அதை 14 ஆக்கினார். அவருடைய தாய் தகப்பன் பழைய முறைப்படி வளர்த்திருப்பார்கள், அது அப்படியே வந்திருக்கும் என்பது என் கணக்கு. ஆனால் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. பழைய சட்டத்திலும் ஒருசந்திக்கு வயது 21. தவக்கால வெள்ளியில் எட்டு வயதுப் பிள்ளையைக் காலைச் சாப்பாடில்லாமல் அனுப்பச் சொன்ன விதி இந்த இரண்டு தொகுப்பிலும் இல்லை. எங்கள் தாளில் மட்டும்தான் இருந்தது.

தாளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த வருடம் ரமழானும் தவக்காலமும் ஒரே கிழமையில் தொடங்கின. பிள்ளையின் பக்கத்து வீட்டுச் சிநேகிதி நோன்பு பிடித்துப் பழகத் தொடங்கியிருந்தாள். அங்கேயும் அந்த வயதில் கடமை கிடையாது; அரை நாள், முக்கால் நாள் என்று ஆசைக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். தனக்கும் ஒன்று வேண்டும் என்று இந்தப் பிள்ளை பிடிவாதம் பிடித்ததாகப் பிறகு தெரியவந்தது. கையில் எங்கள் தாள் இருக்கும்போது எந்த அம்மம்மா மறுப்பார்? திருகோணமலையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பக்தி பழகுகிறார்கள். அதில் எனக்குச் சந்தோசம்தான். அன்றைக்கு மட்டும் இல்லை.

எங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வியாழக்கிழமை இரவே பிழையைக் கண்டுவிட்டோம். ஒன்பது மணி கழிந்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் திருத்தமும் போட்டோம்: "சிறு பிள்ளைகளுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை." பல நாட்களாக இதைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். திருத்தியாயிற்று, வாசிக்காதது அவர்கள் பிழை என்று.

குழுவில் இருந்தது தாயின் இலக்கம். தாய் குவைத்தில் வீட்டுவேலை. இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை, அடுப்படியில் நிற்கிற நேரம். அவர் செய்தியைப் பார்த்து வீட்டுக்கு எடுத்துச் சொல்வதற்குள் இங்கே விடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிடும். இங்கே காலை ஏழு என்றால் அங்கே நாலரை. தாள் அம்மம்மாவுக்கு, திருத்தம் அம்மாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டரை மணித்தியாலமும் ஒரு கடலும். பிழையான தாளுக்குத் திருத்தமும் தாளில்தான் போக வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒட்டிய இடத்திலேயே, அதே பக்கத்தில், அதற்கு மேல்.

திருத்தம் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பது வேறு கேள்வி. "கட்டாயமில்லை" என்ற சொல்லைப் பக்தியான வீடு எப்படி வாசிக்கும்? "செய்தால் இன்னும் நல்லது" என்றுதான். "காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள்" என்று எழுதியிருக்க வேண்டும். சாப்பாட்டு விசயத்தில் விலக்குச் சொல்வது போதாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

சுத்தபோசனம் என்ற சொல்லிலும் இப்படியொரு சிக்கல் கிடக்கிறது. சட்டம் சொல்வது இறைச்சியை. மீன், முட்டை, பால் எல்லாம் ஆகும். சில வருடங்களுக்கு முன் யாரோ விளக்கமாக இருக்கட்டும் என்று "வெள்ளியில் மச்சம் வேண்டாம்" என்று எழுதிவிட்டார்கள். எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீனும் முட்டையும் சேர்த்து எல்லாம்தான். மீனவர் வாழும் திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி என்றால் சூடை மீன்தான். மரக்கறிக்குத்தான் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். தவம் என்று சொல்லி அவர்களுக்குச் செலவு வைத்தோம். மறுபுறம் எங்களிடம் படிக்கிற சைவப் பிள்ளைகள் வெள்ளி என்றால் முட்டையும் தொடமாட்டார்கள். அதனால் பள்ளிச் சாப்பாட்டில் முட்டை வருகிற நாளை வெள்ளியிலிருந்து தள்ளிவைப்பது நல்லது. அது தவக்காலத்துக்காக அல்ல, பக்கத்து வாங்குப் பிள்ளைக்காக. இப்போது "இறைச்சி" என்று மட்டும் எழுதுகிறோம். மீனையும் விடுகிற வீடுகள் விடட்டும். அது அவர்கள் விருப்பம்.

மயக்கத்துக்குப் பட்டினி மட்டும் காரணமா என்பதிலும் நான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் சிலுவைப்பாதை தொடங்கியது ஒன்பதரைக்கு. மைதானத்தில் நிழல் மேற்குப் பக்கம் மட்டும்தான், அதுவும் எட்டரையோடு சுருங்கிவிடும். பதினாலு தலம், ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம், ஒரு செபம், ஒரு பாட்டு. இடையில் முழங்காலிட்டு எழும்ப வேண்டும். சும்மா நின்றாலே இரத்தம் காலில் தங்கும். வெறும் வயிறு, வெயில், தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்தால் முழங்காலிலிருந்து சட்டென்று எழும்புகிற கணத்தில்தான் பிள்ளைகள் விழுவார்கள். ஆகவே நேரத்தைப் போட்ட எங்களிலும் பங்கு இருக்கிறது. இப்படிச் சொல்வது நேர்மையா, அல்லது ஏழாவது வரியின் பாரத்தைப் பலபேருக்குப் பிரித்துக் கொடுக்கிற தந்திரமா என்று எனக்கே தெளிவில்லை.

இப்போது சிலுவைப்பாதை ஏழேமுக்காலுக்கு. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு நாலைந்து தலம் மட்டும், வகுப்பறைக்குள், படத்தைப் பார்த்து. தண்ணீர்ப் போத்தல் கையில். யாராவது விழுந்தால் தெளியும்வரை வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. தெளிந்து எழும்பி இருந்த பிறகுதான் தண்ணீர், அதற்குப் பிறகு இனிப்புத் தேத்தண்ணி. ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி.

முதல் நன்மை, அதாவது முதன்முறை நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனித் தாள் போகிறது. அங்கேயும் இதே நோய்தான். நன்மை வாங்குவதற்கு முந்திய ஒரு மணித்தியாலம்தான் உபவாசம்; தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. நள்ளிரவிலிருந்து ஒன்றும் படக் கூடாது என்பது 1950களோடு மாறிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வெள்ளைச் சட்டை போட்டு, வெறும் வயிற்றோடு, காலை ஆறு மணியிலிருந்து படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டு மணிப் பூசை என்றால் ஆறரைக்குப் பாணும் பருப்பும் கொடுக்கலாம் என்று நேரம் போட்டே எழுதுகிறோம். "ஒரு மணித்தியாலம் முன்" என்று மட்டும் எழுதினால் பூசை தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன் என்றுதான் எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். சட்டம் சொல்வது நன்மை வாங்குவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தை.

ஏழாவது வரிக்குப் பிறகு மற்ற வரிகளையும் ஒருதரம் சந்தேகத்தோடு பார்த்தேன். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிற சாம்பலுக்காகப் பழைய குருத்தோலையைக் கொண்டுவரச் சொன்னால் பிளாஸ்டிக் ரிபனும் ஸ்டேப்பிள் கம்பியும் சேர்ந்தே வரும். எரித்தால் சாம்பலில் கருங்கட்டி. கழற்றிவிட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். சாம்பலைத் தண்ணீரில் குழைத்தால் காரம் ஏறும், பிஞ்சுத் தோலை அரிக்கும். உலர்ந்த சாம்பலே போதும். பெரிய வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிறுக்கு "ஒவ்வொரு பிள்ளையும் குருத்தோலை கொண்டுவருவோம்" என்றால் முப்பது வீட்டில் முப்பது தென்னையின் நடுக்குருத்தை வெட்டுவார்கள். ஒரு தென்னோலையில் இருநூறுக்கு மேல் ஈர்க்கு இருக்கும்; வகுப்பு முழுவதற்கும் ஒரு குருத்தே தாராளம். வெட்டியதை நனைத்த சாக்கில் சுற்றி வைக்காவிட்டால் பத்து மணிக்கே சுருண்டுவிடும். 2025இல் குருத்து ஞாயிறு ஏப்ரல் 13, மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. பெரிய வாரத்துத் திங்களில் கோழி ஆகுமா என்று கேட்டவர்களுக்கு ஆகும் என்று பதில் சொல்வதற்கே ஒரு வரி தேவைப்பட்டது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய வார அறிவித்தலில் பை, வாசல், கூட்டம் பற்றிய வரிகளும் வந்து சேர்ந்தன. அவற்றை மட்டும் யாரும் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சரியாக எழுதப் போய் அரைத் தாள் இரண்டு தாளாயிற்று. இரண்டு தாளை வாசிக்கிற பெற்றோர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதனால் மறுபடி வெட்டினோம். வெட்டும்போது ஒருசந்தி என்ற சொல்லையே எடுத்துவிட்டேன்.

தாளைப் பார்த்த பங்குத் தந்தை ஒன்றுதான் கேட்டார். "அப்ப அந்தச் சொல்லைப் பிள்ளையள் எங்க படிக்கிறது?" அவர் கேட்டதிலும் சட்டம் இருக்கிறது. வயதெல்லை சொல்கிற அதே விதியின் அடுத்த வசனம், கடமை இல்லாத சிறுவர்களுக்கும் தவத்தின் உண்மையான கருத்தைப் புகட்டுவது மேய்ப்பர்களும் பெற்றோரும் பார்க்க வேண்டிய காரியம் என்கிறது. பிள்ளைக்குப் பட்டினி வேண்டாம், ஆனால் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்றும் ஆக்கிவிடாதே என்று அர்த்தம். எடுத்த சொல்லை மறுபடி போட்டேன். பக்கத்தில் வயதைப் போட்டேன். கீழே இன்னொரு வரி: "தரம் 1–5 பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டே வரவேண்டும். விட விரும்பினால் ரொபி, ஐஸ்பழம், கார்ட்டூன் விடலாம்."

அந்த வெள்ளி அம்மம்மாவைத் தவிர வேறு யாரும் வரவில்லை. பல வருடமாக அதே வரி போயிருக்கிறது, ஒரு பிள்ளைதானே விழுந்தது என்று சில வேளை தோன்றும். விழாமல் பசியோடு பதினாலு தலமும் நின்று முடித்த பிள்ளைகள் எத்தனை என்று அடுத்த நிமிடமே தோன்றும். அது யாருக்கும் தெரியாது. கேட்டிருக்கலாமே என்று அவரிடம் சொன்னேன். நாங்களும் கேட்டதில்லை.

2026இலும் சாம்பல் புதனும் ரமழானும் ஒரே கிழமையில் வந்தன. அறிவித்தலைக் கொப்பியில் ஒட்டாமல் உறையில் போட்டுப் பெரியவர் பெயர் எழுதி அனுப்பலாமா என்று பேசினோம். உறைக்குக் காசு, பெயர் எழுத நேரம், எந்த வீட்டில் யார் பெரியவர் என்ற விபரம் மூன்றும் இல்லை. கொப்பியில்தான் ஒட்டினோம்.