சிங்கத்துக்குப் பயந்து போனோம், ஒரு ஈரத் துண்டிடம் மாட்டினோம்

ஊர் வந்து ஆறு நாளாகியும் கோபம் அடங்கவில்லை. நமீபியாவின் விண்ட்ஹூக்கில் கிளம்பி எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, போட்ஸ்வானாவின் மவுன், கசானே வழியாக விக்டோரியா அருவி வரை 16 பேர் ஒரே லாரியில் 14 நாள். கூடாரம் நாமே அடிக்கணும், சமையலும் பாத்திரமும் முறை வைத்து. அதனால்தான் விலை கம்மி, அதனால்தான் நானும் போனேன்.

முதல் நாளே வழிகாட்டி சொல்லிவிட்டார்: டெட்டால் தண்ணீரில் கை கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் வராதீர்கள், கழுவிய தட்டைத் துணியால் துடைக்காதீர்கள். ஒருத்தர் வயிற்றில் இருப்பதை ஈரத்துணி எல்லாருக்கும் பந்தி வைத்துவிடுமாம். அதனால் தினமும் ராத்திரி வட்டமாக நின்று, ஆளுக்கு இரண்டு தட்டைப் பிடித்துக் காற்றில் வீசி வீசிக் காய வைப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் சாமி வந்து ஆடுகிற கூட்டம்தான். ஒரு புண்ணியவானுக்கு மட்டும் பொறுமை இல்லை. குளித்த துண்டாலேயே தட்டைத் துடைத்தார்!

எட்டோஷாவின் ஒக்காகுயேயோ முகாமில் விளக்கு போட்ட நீர்க்குட்டைக்குக் கருப்புக் காண்டாமிருகம் குட்டியோடு வந்து நின்றது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. கொடுத்த காசு முழுக்க அந்த ஒரு ராத்திரியிலேயே வந்துவிட்டது என்பேன்.

மவுன் போகும் வழியில் ஏழு பேருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அரை மணிக்கொரு தரம் லாரி நிற்கும், ஆளுக்கொரு புதர். ஊரிலிருந்து கொண்டுபோன 20 ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஒரே நாளில் காலி. மருந்துக்கடைக்குக் கூட்டிப்போன டாக்சிக்காரர், பின்சீட்டில் சுருண்டு கிடந்தவரைப் பார்த்ததும் முதலில் சொன்னதற்கு மூன்று மடங்கு கேட்டார். அந்த நிலையில் யார் பேரம் பேசுவது?

மவுனை அடுத்த ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்பில் முகாமுக்கு வேலியே கிடையாது. ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கூடார ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சைச் சுற்றி அடித்து, எங்காவது கண் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கணும். மொகோரோ என்கிற ஒல்லி ஓடத்தைக் கோலால் தள்ளுகிறவர்கள் நீர்யானைக்குப் பயந்து ஆழம் இல்லாத நாணல் ஓரமாகவே போனார்கள். சிங்கத்தைவிட அதற்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

என் கஞ்சத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேரியா வராமலிருக்கப் போடும் மாத்திரையில் மலரோன் விலை அதிகம் என்று டாக்சிசைக்ளின் வாங்கினேன். அது வெயிலுக்கு ஆகாது. மொகோரோவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் மூக்கும் புறங்கையும் வெந்து தோல் உரிந்தது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தேன். நெஞ்சுக்குழி இரண்டு நாள் எரிந்தது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணியாவது நிமிர்ந்து உட்கார வேண்டுமாம். மலரோன் என்றால் மலேரியா பகுதியை விட்டு வந்து ஏழு நாளில் முடிந்திருக்கும். இதற்கு 28 நாள். இன்னும் 21 பாக்கி.