ஐந்தே பாட்டு, ஐம்பத்தைந்து நிமிடம்

2026 மார்ச் 1, ஞாயிறு

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பாடகி ஜோனா நியூசமின் ‘ஈஸ்’ தகடு கையில் சிக்கியது. எழுதினால் ஒய், எஸ் என்று இரண்டே எழுத்து, ஆளாளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். கடலுக்குள் மூழ்கிப்போனதாக பிரான்ஸின் பிரிட்டனி பக்கத்தில் கதை சொல்லும் ஒரு நகரத்தின் பெயர் அது. 2006 நவம்பரில் வந்த ஆல்பம், வரும் நவம்பரில் இருபது வயது. அட்டை ஓவியத்தில் பழைய காலத்து ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார், ஒரு கையில் கதிர் அரிவாள், இன்னொரு கையில் சட்டம் போட்ட அந்துப்பூச்சி. உள்ளே ஐந்தே பாட்டு. மொத்தம் 55 நிமிடத்துக்கு மேல். ஹார்ப் (நம் யாழ் மாதிரி, ஆளுயர வாத்தியம்) வாசித்துக்கொண்டே ஒரு பெண் பாடுகிறார், அதைச் சுற்றி ஒரு ஆர்க்கெஸ்ட்ரா. பல்லவி, கோரஸ் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் லேசில் வராது.

முதல் தடவை கேட்டபோது மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்தியவன் நான். அப்புறம் எப்படியோ மாட்டிக்கொண்டேன், அது வேறு கதை. இப்போது ஒரு யோசனை: தெரிந்தவர்களிடம் ஒவ்வொருவராக இதைக் கொடுத்து, என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதிவைக்கலாம். விளக்கம் எதுவும் முன்கூட்டியே சொல்லக்கூடாது, அதுதான் நிபந்தனை. லிங்க் அனுப்பிவிட்டு இருக்கவும் முடியாது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் மேல் நியூசமுக்கு இருக்கும் கோபம் ஊரறிந்தது, 2015-லேயே வெளிப்படையாகத் திட்டியிருக்கிறார். ஆகவே தகட்டையே கையில் கொடுத்தாக வேண்டும், கூடவே பழைய பிளேயரையும்.

மார்ச் 3, செவ்வாய்

அக்காவிடம் ஆரம்பித்தேன். ஹார்ப் வந்தவுடன் “அட, நல்லாருக்கே” என்றாள். பாட ஆரம்பித்தார். அக்கா முகம் மாறியது.

“டேய், யாரு பூனை வாலை மிதிச்சது?”

நான் வாயைத் திறக்கவில்லை. “சின்னப் பிள்ளை மாதிரி பாடணும்னு வேணும்னே செய்யுதா, இல்ல குரலே அப்படியா? அந்த ‘ஈ’ வர்ற இடத்துல எல்லாம் பல்லு கூசுது.” முதல் பாட்டு 12 நிமிடம், அவள் நான்காவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். ஆனால் போகிற போக்கில் சொன்னதை வரிசையாக எழுதிப் பார்த்தால், எந்த எழுத்தில் குரல் உடைகிறது, எங்கே மூக்கால் போகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று ஒன்று விடாமல் பிடித்திருக்கிறாள். நான்கு நிமிடத்தில்!

குழலும் யாழும் இனிது என்பவர்கள் மழலை கேட்காதவர்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் இல்லையா. இங்கே யாழும் மழலையும் ஒன்றாகவே வருகிறது, அக்காவுக்குப் பல் கூசுகிறது. (மழலைக் குரல் என்று சொன்னால் நியூசமுக்கே பிடிக்காது. 2004-ல் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து அந்தப் பேச்சு அவரைத் துரத்துகிறது. எழுத வந்துவிட்டது, எழுதிவிட்டேன்.)

மார்ச் 6, வெள்ளி

அலுவலக நண்பர் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லாருந்துச்சு சார். ரொம்ப ரிலாக்ஸிங்.”

எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டேன். “எல்லாமே” என்றார்.

அவ்வளவுதான், இதில் எழுத வேறு எதுவும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். அக்கா பையன் வந்திருந்தான், மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன், பதினாறு வயது. அவனுக்கு மூன்றாவது பாட்டை, ‘சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்’, நேராகப் போட்டேன். ஐந்தில் அது ஒன்றில்தான் ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, வெறும் ஹார்ப்பும் குரலும்தான், பத்து நிமிடம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காதிலேயே விழவில்லை போல. இரண்டு நிமிடம் சும்மா இருந்தான், அப்புறம் இடது கையால் தொடையில் தட்ட ஆரம்பித்தான், கொஞ்ச நேரத்தில் வலது கையும் சேர்ந்தது, இரண்டும் வேறு வேறு கணக்கு. “மாமா, ரெண்டு ஆள் வாசிக்கிறாங்களா?” இல்லை, ஒரே ஆள்தான் என்றேன். “அப்போ ஒரு கையில மூணு ஓடுது, இன்னொரு கையில நாலு ஓடுது.” பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொல்லிக் காட்டினான்: தகிட நாலு தடவை, தகதிமி மூணு தடவை, ரெண்டுமே பன்னிரண்டு, அங்கே போய்ச் சந்தித்துக்கொள்ளும். மறுபடி போடச் சொன்னான். சரியாகச் சந்திக்கும் இடத்தில் விரலைச் சொடுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். நியூசம் சிறுமியாக இருந்தபோது அவருடைய ஹார்ப் ஆசிரியர் மேற்கு ஆப்பிரிக்க கோராவின் நடைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி 21 நரம்பு கட்டிய வாத்தியம் கோரா. அதில் மூன்றும் நான்கும் இப்படித்தான் பின்னிக்கொண்டு ஓடும், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் மினுமினுக்கும். கலிபோர்னியா மலைப்பக்கத்து நெவாடா சிட்டியில் வளர்ந்த ஒரு பெண் கையில் அது வந்து சேர்ந்தது, அங்கிருந்து இன்றைக்கு இவன் தொடைக்கு வந்துவிட்டது. “அதை வாசிச்சுக்கிட்டே பாடவும் செய்றாங்களா?” என்று கேட்டான், அந்த ‘பாடவும்’மில் ஒரு அழுத்தம். பாட்டின் வரிகள் இந்த இரண்டு கணக்கிலும் உட்காராமல் மூன்றாவதாக ஒரு வழியில் போகின்றன என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். இருபது வருடமாகக் கேட்கிற எனக்கு அது தெரியாது.

மார்ச் 11, புதன்

இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர், மூன்று நாள் தகட்டை வைத்திருந்தார். ஃபோனில் அழைத்து எடுத்த எடுப்பிலேயே “முதல் பாட்டுல தப்பு இருக்கு” என்றார்.

‘எமிலி’ என்கிற அந்தப் பாட்டு நியூசம் தன் தங்கைக்கு எழுதியது. தங்கை வானியற்பியலாளர், அதே பாட்டில் பின்குரலும் கொடுத்திருக்கிறார். அக்கா தங்கை இருவரும் வானத்தைப் பார்த்த நினைவு, தங்கை சொல்லித்தந்த விண்கல் பாடம் எல்லாம் வரும். விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும் கல் மீட்டிராய்டு, அது காற்றில் நுழைந்து எரியும்போது தெரிகிற கீற்று மீட்டியர், எரிந்தது போக மிச்சம் தரையில் வந்து விழுந்தால் அது மீட்டியரைட். பாட்டில் முதலாவதும் கடைசியும் இடம் மாறிக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் காரணம் மீட்டியரைட்டாம், அமைதியாக வந்து கிடப்பது மீட்டிராய்டாம். “தங்கச்சி கரெக்டா சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அக்கா மாத்தி எழுதிட்டாங்க” என்று சிரித்தார்.

பாட்டு எப்படி என்று கேட்டேன். “குரல் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா தப்பு கண்டுபிடிக்கிறதுக்காக நாலு தடவை கேட்டேன். இப்போ குளிக்கும்போது வருது.”

மார்ச் 14, சனி

இன்று நானே ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். நெருக்கத்தில் கேட்டால் ஹார்ப் தேவலோகத்து வாத்தியம் எல்லாம் இல்லை, உடல் உழைப்பு. 47 நரம்பு, காலடியில் 7 பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. ஒரு பெடலை ஒரு படி கீழே அழுத்தினால் அந்த ஸ்வரத்துக்கு உரிய எல்லா நரம்பும் அரை ஸ்வரம் ஏறிவிடும். வாத்தியத்தை வலது தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டு சுண்டு விரலையும் சும்மா விட்டுவிட்டு மற்ற எட்டு விரலாலும் வாசிக்க வேண்டும். தானாக அடங்காது, உள்ளங்கையை வைத்து அணைக்காவிட்டால் ஒலி அடுத்த வரி மேல் வழிந்துகொண்டே இருக்கும். குரலையும் ஹார்ப்பையும் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி, ராக் குழுக்களை மழுப்பாமல் பதிவதற்குப் பெயர்போனவர். இங்கேயும் அப்படித்தான், தடித்த கீழ் நரம்பிலிருந்து விரல் விடுபடுகிற அந்த ‘டப்’ கூடக் கேட்கிறது. வரி தொடங்கும் முன் இழுக்கிற மூச்சும்.

அது முடிந்த பிறகுதான் இசையமைப்பாளர் வான் டைக் பார்க்ஸ் அதற்கு மேல் ஆர்க்கெஸ்ட்ராவை எழுதினார். முதலில் பாட்டு, பிறகு அதன் ஒவ்வொரு வளைவுக்கும் வயலினும் புல்லாங்குழலும். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, யாராவது சண்டைக்கு வந்தாலும் சரி. ஆர்க்கெஸ்ட்ரா சில இடத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறது. பாட்டில் பறவை என்று வந்தால் உடனே குழலும் ஒரு கூவல் போட்டாக வேண்டுமா? ‘எமிலி’யில் அது அழகாகவே அமைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பாட்டில் ஹார்ப்பைத் தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது பாட்டில் எல்லாரும் எழுந்து போய் அவர் மட்டும் மிஞ்சும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அப்பாடா என்று இருக்கும்.

‘ஃப்ரீக் ஃபோக்’ (விசித்திர நாட்டுப்புறப் பாட்டு) என்று ஒரு முத்திரை அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பாடுகிறவர்கள் எல்லார் முதுகிலும் குத்தப்பட்டது. கேட்பவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை. ஹார்ப் என்றவுடன் “படத்துல ஃப்ளாஷ்பேக் வரும்போது ட்ரிரிரிங்னு வருமே, அதானே?” என்று கையால் அலை வரைந்து காட்டினார். அதேதான் என்று சொல்லி நான்காவது பாட்டைப் போட்டேன், ‘ஒன்லி ஸ்கின்’, கிட்டத்தட்ட 17 நிமிடம். ட்ரிரிரிங் வருகிறதா என்று ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தார், அப்புறம் கண் மூடினார், அப்புறம் மெல்லிய குறட்டை. பாட்டின் கடைசிப் பகுதியில் பாடகர் பில் கேலஹனின் கனத்த ஆண்குரல் சேரும். அங்கே சட்டென்று விழித்து “யாருப்பா அந்த ஆளு? நல்லா பாடுறாரே, முதல்லருந்து அவரையே பாட விட்டிருக்கலாம்” என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா தானாகவே கேட்டாள், “அந்தப் பூனை என்னடா பாடுச்சு? பையன் வீட்ல போட்டுக்கிட்டே இருக்கான். ரெண்டாவது பாட்டுல குரங்கு, கரடின்னு மட்டும் காதுல விழுது.”

விளக்கம் முன்கூட்டிக் கூடாது என்பதுதானே நிபந்தனை, இது பின்கூட்டி, பரவாயில்லை. ‘மங்கி அண்ட் பேர்’ கதையைச் சொன்னேன். பண்ணையிலிருந்து ஒரு குரங்கும் கரடியும் தப்பிக்கின்றன. விடுதலைதான். ஆனால் சோற்றுக்கு வழி வேண்டுமே, ஆகவே கொஞ்ச நாளைக்கு மட்டும் ஆடு என்று குரங்கு கரடியை ஆட வைக்கிறது. ஆசை வார்த்தை சொல்லியே ஆட வைக்கிறது. கடைசியில் கரடி கடலுக்குள் நடந்து போகிறது, போகப் போக அதன் தோலும் உடம்பும் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டைப் போடச் சொன்னாள். ஒன்பதரை நிமிடமும் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் குரல் மேலே மேலே ஏறுகிற இடத்தில் முகத்தைச் சுளித்தாள், எழுந்து மட்டும் போகவில்லை.

“அந்தக் குரங்கை நாலு சாத்து சாத்தணும்டா.”

குரல்? “குரல் அப்படியேதான் இருக்கு. கர்ண கொடூரம்.”

மார்ச் 29, ஞாயிறு

அக்காவுக்கு அடுத்த ஆல்பத்தைக் கொடுத்திருந்தேன், 2010-ல் வந்த ‘ஹேவ் ஒன் ஆன் மீ’, மூன்று தகடு, 18 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதில் குரல் நன்றாக இறங்கியிருக்கும், மூக்கும் கீச்சும் குறைந்து வழவழப்பாக இருக்கும். 2009-ல் குரல்நாணில் முடிச்சு வந்து, கொஞ்ச காலம் பேசவே முடியாமல் இருந்து, திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது. முதல் ஆல்பங்களின் குரலைத் தாங்காத பலரும் இதில்தான் உள்ளே வந்தார்கள், அக்காவுக்கும் இதுதான் சரிப்படும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஃபோன் வந்தது.

“நல்லாத்தான் பாடுது.” சற்று நேரம் சும்மா இருந்தாள். “ஏன்டா, அந்தக் கீச்சு எங்கே போச்சு?”

முடிச்சு வந்த கதையைச் சொன்னேன்.

“ஐயோ பாவம். சரி, நீ வரும்போது அந்தப் பழைய தகட்டை எடுத்துட்டு வா.”