கலைப்புக்குப் போன சங்கத்தில் அம்மாவின் டெபாசிட்

அம்மாவின் வைப்புத்தொகை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. அசல் மட்டும்தான், வட்டிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் (ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம்) கலைப்புக்குப் போய், அதாவது மூடுவதற்கு உத்தரவாகி, பணம் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் இது உதவலாம்.

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 137-வது பிரிவில் கலைப்பு உத்தரவு போட்டதும், கூட்டுறவுத் துறையின் ஒரு சார்பதிவாளரை லிக்விடேட்டராக (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் அலுவலராக) நியமித்ததும் சங்கக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரில் ஆளுக்கொரு யோசனை. "அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றார்கள். அது கூட்டுறவு வங்கிக்கு உண்டு, கடன் சங்கத்துக்குக் கிடையாது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், அதைத் தடுக்கும் 156-வது பிரிவு குறுக்கே நிற்கிறது.

டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்லி, கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எழுத்தர் வாங்கி ஃபைலுக்கு அடியில் செருகினார். நகலில் முத்திரை கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "வாங்கிட்டேன்ல சார், அப்புறம் என்ன சீல்?" அடுத்த முறை போனபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார், அதே மனிதர். நேரே தபால் ஆபீஸுக்குப் போய் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பின்னால் ரிட் போடும்போது வக்கீல் முதலில் கேட்டதே அந்த அட்டையைத்தான்.

ரிட், அதாவது அரசு அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். முதலில் பிடித்த வக்கீல் சங்கத்தையே பிரதான எதிர்மனுதாரராகப் போட்டுவிட்டார். நம்பர் ஆகாமல், அதாவது வழக்காகப் பதிவாகாமல், மனு திரும்பியது. கூட்டுறவுச் சங்கம் அரசு ஆகாது, அதன்மேல் பொதுவாக ரிட் செல்லாது என்று 2006-லேயே மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. கூட்டுறவு வழக்கு நடத்துகிறவர்களுக்கு இது பாலபாடம். இதெல்லாம் தெரியாமல் நான் போன் போட்டபோதெல்லாம் அவருடைய ஜூனியர், "அடுத்த வாரம் லிஸ்ட்ல வந்துரும் சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், யார் வாயையும் நம்ப வேண்டாம்.

வக்கீலை மாற்றினோம். புதியவர் துணைப் பதிவாளரையும் லிக்விடேட்டரையும் எதிர்மனுதாரர்களாக்கி, சட்டப்படி செய்ய வேண்டியதை இவர்கள் செய்யவில்லை என்று எழுதினார். நம்பர் ஆனது, விசாரணை சில நிமிடத்தில் முடிந்தது. மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு. பணத்தைக் கொடு என்று அல்ல. இனிப்பு வாங்கிவிடாதீர்கள்.

ஆர்டர் காப்பியோடு போனால் லிக்விடேட்டர் கையை விரித்தார். செயலாளர் மீதான கையாடல் வழக்கில் லெட்ஜர்களை வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு எடுத்துப் போய்விட்டதாம், சரிபார்க்கக் கணக்கில்லை என்றார். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. செயலாளர் மேல் தண்டத்தீர்வை (இழப்பை அவரிடமே வசூலிக்கும் உத்தரவு) போட்டிருக்கிறார்கள், அதற்கு முன் 81-வது பிரிவில் துறை விசாரணை நடந்திருக்கிறது. டெபாசிட் பட்டியல் இல்லாமலா அறிக்கை எழுதியிருப்பார்கள்? அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அதையும் துணைப் பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கே போடுங்கள். சங்கத்துக்குப் போட்டால் உச்ச நீதிமன்றத்தின் 2013 தலப்பாலம் தீர்ப்பைக் காட்டி, நாங்கள் பொது அதிகார அமைப்பே இல்லை என்று திருப்பிவிட வழி இருக்கிறது.

வந்தது அறிக்கை. இணைப்பின் நடுவில், மங்கலான ஜெராக்ஸில், அம்மாவின் பெயர், கணக்கு எண், நிலுவை. எழுத்தர் மேஜையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தபோது அவர் என்னை "உட்காருங்க" என்றார், முதல்முறையாக.

அப்போதும் இழுத்தார்கள். எட்டு வாரம் தாண்டியதும் அவமதிப்பு வழக்கு போடுவோம் என்று வக்கீல் நோட்டீஸ் போனது. அதற்குப் பிறகுதான் செக் எழுதினார்கள். சங்கத்தின் இடத்தை ஏலம் விட்ட பணம் கணக்கில் சும்மா கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

உறுப்பினராகச் சேரக் கட்டிய பங்குத்தொகைக்கு இப்போதே அலைய வேண்டாம், சங்கத்தின் கடனெல்லாம் தீர்ந்த பிறகுதான் அதன் முறை. செக் வாங்கும் அன்று ஒரிஜினல் வைப்பு ரசீதைக் கேட்பார்கள். வட்டி பாக்கி என்று எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள். எனக்கு அன்றும் சீல் தேடக் கால் மணி நேரம் ஆனது.