தெருவோரம் நிற்கும் காரும் அதற்குள் இருக்கும் சிம் அட்டையும்

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் சந்துக்குள் கார் நுழையாது. ஆகவே வீட்டிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி, முதன்மைத் தெருவில் ஒரு தேநீர்க் கடைக்கு எதிரேதான் இரவில் நிறுத்துகிறோம். அங்கே சைரன் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் எங்கள் படுக்கையறைக்குக் கேட்காது என்பதால், சிம் அட்டை பொருத்தக்கூடிய அலாரம் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பூட்டினோம். கதவு திறக்கப்பட்டாலோ கண்ணாடி தட்டப்பட்டாலோ அது எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு உடனே அழைக்கவும் செய்யும். கடந்த ஐப்பசியில் ஒரு மழை இரவில் பின்பக்கக் கண்ணாடியை உடைத்து, இருக்கையில் இருந்த பையை யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். சைரன் வெகுநேரம் அலறியதாகக் கடைக்காரர் காலையில் சொன்னார். என் கைப்பேசிக்கோ ஒன்றுமே வரவில்லை.

அலாரத்தின் எண்ணை அழைத்துப் பார்த்தபோது, அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்ற அறிவிப்பு கேட்டது. காரணம் எளியது, ஆனால் நான் அதுவரை யோசித்தே பார்த்திராதது. ரீசார்ஜ் முடியப்போகிறது என்ற நினைவூட்டல்கள் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும்; அந்த எண்ணோ டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் இருந்தது. படிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. செல்லுபடி முடிந்ததும் முதலில் வெளிச்செல்லும் அழைப்பும் செய்தியும் நின்றிருக்கின்றன. பிறகு சில மாதங்களில் எண்ணே நீக்கப்பட்டுவிட்டது.

வீட்டில் உபரியாக ஒரு சிம் இருந்தது. அதை என் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது, அழைப்பும் போயிற்று. நம்பிக்கையோடு அலாரத்தில் மாட்டினேன். பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறிய சிவப்பு எல்இடி விளக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததில் உள்ளே சிம்800 வகை மாட்யூல், அதாவது டவரோடு பேசும் சிறு மின்னணுப் பாகம், இருப்பது தெரிந்தது. அதன் விளக்கு ஒரு மொழி பேசுகிறது: 0.8 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் இன்னும் டவரைத் தேடுகிறது என்று பொருள். 3 நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டினால் இணைந்துவிட்டது என்று பொருள். அரை மணி நேரம் காத்திருந்தும் என்னுடையது நிதானத்துக்கு வரவில்லை.

இந்த மாட்யூல் 2ஜியில் மட்டுமே பேசும் என்பதும், நான் போட்ட சிம் 4ஜி, 5ஜி மட்டுமே உள்ள சேவையைச் சேர்ந்தது என்பதும் அதன் பிறகே எனக்கு உறைத்தது. கைப்பேசியில் சிம் வேலை செய்வதைப் பார்த்து அலாரத்திலும் வேலை செய்யும் என்று முடிவு செய்வது முற்றிலும் தவறான சோதனை. சரியான சோதனை மிகச் சுலபமானது: கைப்பேசியின் நெட்வொர்க் அமைப்பில் ‘2ஜி மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அழைத்துப் பார்க்க வேண்டும், அல்லது 2ஜி மட்டுமே தெரிந்த பழைய பொத்தான் கைப்பேசியில் அந்தச் சிம்மைப் போட்டுப் பார்க்க வேண்டும். என் அம்மாவின் பழைய கைப்பேசியில் போட்டதும் ‘நெட்வொர்க் இல்லை’ என்று வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை நிறுத்திவிட்டார்கள் என்பதால், அங்கே இந்த வகைக் கருவிக்கு எந்தச் சிம்மைப் போட்டாலும் பயனில்லை. இங்கே வேறு சில சேவைகளில் 2ஜி இன்னும் இருப்பதால் எனக்கு வழி இருந்தது.

அப்படி ஒரு சேவையில் என் மனைவி பயன்படுத்தாமல் வைத்திருந்த எண் ஒன்று இருந்தது. அட்டை தேய்ந்துபோயிருந்ததால், அவரே ஆதாருடன் கடைக்குச் சென்று அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கி வந்தார். மாட்டியதும் விளக்கு மூன்று நொடிக்கு ஒருமுறை சிமிட்டத் தொடங்கியது. அழைத்தேன்; மணி ஒலித்தது. நிலைமை கேட்டு அனுப்பிய குறுஞ்செய்திக்கு மட்டும் பதில் இல்லை. ஐந்து முறை அனுப்பினேன். குறுஞ்செய்திகளைக் கடத்தும் மையத்தின் எண் அழிந்திருக்குமோ, கடவுச்சொல் மாறியிருக்குமோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, கடைசியில் கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்கே திருப்பிவிட்டேன். அதில் சேமித்திருந்த எண்கள் எல்லாம் போய்விட்டன. கடவுச்சொல்லும் கையேட்டில் அச்சடித்திருக்கும் பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டது. சிம்மின் எண்ணும் இந்தக் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும் ஒரு செய்தியில் அலாரத்தை அணைத்துவிடலாம் என்பதால், அதை உடனே மாற்றியாக வேண்டும்.

மறுநாள் மாலை, நான் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதே, பதில் வரத் தொடங்கியது. மாற்றுச் சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் ஏற்பாடு செய்திருக்கிறது. பிறர் எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கி, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் திருடுவதைத் தடுக்கவே இது. நல்ல விதி. அதை முன்பே அறிந்திருந்தால் ஒரு நாள் காத்திருந்திருப்பேன். நன்றாக இருந்த அமைப்புகளை அழித்திருக்க மாட்டேன்.

எண்களைத் திரும்பப் பதிந்தபோது ஒரு சிறு சிக்கல்: பத்து இலக்கமாகப் பதிந்ததால், +91 என்று தொடங்கி வரும் என் அழைப்பைக் கருவி அந்நியருடையதாகக் கருதிற்று. +91 சேர்த்துப் பதிந்ததும் சரியாகிவிட்டது.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் திருமங்கலம் வரை போய் வந்ததும் மீண்டும் மௌனம். இம்முறை கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் பிடித்தது, ஏனென்றால் மேசையில் வைத்துச் சோதிக்கும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது. அலாரத்தின் தாங்கி 25க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள பழைய சிம்முக்கானது. நான் கைப்பேசியில் சோதிப்பதற்காக அட்டையை ‘நானோ’ எனப்படும் மிகச் சிறிய அளவுக்கு உடைத்துவிட்டு, பிறகு பிளாஸ்டிக் அடாப்டரில் வைத்து மாட்டியிருந்தேன். பழைய அளவுச் சிம்மின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நானோவின் தடிமன் 0.67. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம்கூட, வேகத்தடைகளில் ஏறி இறங்கும் காரில், மதிய வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது, தொடர்பு முனைகள் விலகப் போதுமானது. பெட்டியை விரலால் தட்டியதும் விளக்கு மறுபடி வேகமாகச் சிமிட்டத் தொடங்கியதைப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

மறுபடியும் மாற்றுச் சிம் வாங்கி, இம்முறை உடைக்காமல் முழு அளவிலேயே மாட்டினோம். சிம்மை எடுப்பதற்கு முன் ஃபியூஸைக் கழற்றினால் மட்டும் போதாது. கார் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் ஓடுவதற்காகக் கருவிக்குள் துணை பேட்டரி ஒன்று இருக்கிறது, அதன் இணைப்பையும் பிடுங்கினால்தான் மாட்யூல் உண்மையில் அணைந்து, புதிய அட்டையை முதலிலிருந்து படிக்கும். 24 மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் அமுங்கிக் கிடந்த ஆன்டெனாவை முன்கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்த்தினேன். நிலைமைச் செய்தியில் சிக்னல் 0 முதல் 31 வரையான எண்ணாக வரும். அது 9இலிருந்து 18 ஆயிற்று.

ரீசார்ஜை இப்போது டேட்டா இல்லாத, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ஓராண்டுத் திட்டத்தில் செய்திருக்கிறேன். இத்தகைய திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது எங்களைப் போன்றோருக்குப் பெரும் உதவி. முடியும் தேதி என் கைப்பேசியிலும் மனைவியின் கைப்பேசியிலும் நினைவூட்டலாக இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை அலாரத்தை இயக்கிவிட்டு, கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பின்கண்ணாடியைக் கையால் ஓங்கித் தட்டுகிறேன். அவர் தேநீரை ஆற்றி என் கையில் தருவதற்குள் செய்தியும் அழைப்பும் வந்துவிடுகின்றன.