பெங்கால்: எதிரியை நோக்கித் திரும்பிய சிறு கப்பல்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 நவம்பர் 11 அன்று, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து தியாகோ கார்சியா தீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த டச்சு எண்ணெய்க் கப்பலான ஒந்தினாவுக்குக் காவலாக வந்தது எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற சிறு போர்க்கப்பல் ஒன்றுதான். அன்றைய அரச இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட பாதர்ஸ்ட் வகைக் கப்பல்கள் நான்கில் அது ஒன்று. மற்ற மூன்றின் பெயர்கள் பம்பாய், மதராஸ், பஞ்சாப். கண்ணிவெடிகளை அகற்றவும் நீர்மூழ்கிகளை விரட்டவும் வடிவமைக்கப்பட்ட இந்த வகைக் கப்பல்களின் எடை ஏறத்தாழ 650 டன், வேகம் 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). பெங்காலுக்குத் திட்டமிட்ட 4 அங்குலப் பீரங்கி கிடைக்காததால், அதைவிடச் சிறிய 12 பவுண்டர் வகைப் பீரங்கி ஒன்றையே பொருத்தியிருந்தார்கள்.

எதிரே வந்தவை ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரண்டு ஜப்பானியக் கப்பல்கள். பயணிகளும் சரக்கும் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டு, பின்னர் வணிகக் கப்பல்களை வேட்டையாடுவதற்காக 14 சென்டிமீட்டர் பீரங்கிகளும், நீருக்கடியில் பாய்ந்து சென்று கப்பலைத் தாக்கி வெடிக்கும் டார்பிடோக்களும் பொருத்தப்பட்ட அவை ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்டவை. 21 நாட் வேகத்தில் ஓடக்கூடியவை. பெங்காலின் தளபதி வில்லியம் ஜோசப் வில்சன், ஒந்தினாவைத் தப்பிச் செல்லச் சொல்லிவிட்டுத் தம் கப்பலை நேராக எதிரியை நோக்கித் திருப்பினார். வழிக்காவல் என்ற பணியின் முழுப்பொருளும் அந்த ஒரு முடிவில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்; அந்தப் பீரங்கியை வைத்து இரண்டு பெரிய கப்பல்களை வெல்ல முடியும் என்று அவர் நம்பியிருக்க வழியில்லை, எண்ணெய்க் கப்பலுக்குச் சற்று நேரம் பெற்றுத் தருவது மட்டுமே அவரால் ஆகக்கூடியதாக இருந்தது.

ஆனால் 12 நாட் வேகத்தில் ஓடித் தப்ப முடியாது என்று கணித்த ஒந்தினாவின் தலைவர் வில்லெம் ஹோர்ஸ்மன், தம் கப்பலில் இருந்த 4 அங்குலப் பீரங்கியைக் கொண்டு தாமும் சண்டையில் இறங்கினார். சிறிது நேரத்தில் ஹோகோகு மாருவின் டார்பிடோ தளத்தில் ஒரு குண்டு விழ, கப்பல் தீப்பற்றி வெடித்து மூழ்கியது. போர்க்காலத்தில் அந்தப் புகழ் பெங்காலுக்கே சென்றது. வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று அதை ஒந்தினாவின் குண்டு என்கிறார்கள். பீரங்கிகளின் அளவை வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. அதனால் பெங்காலின் பெருமை கடுகளவும் குறைவதாக நான் நினைக்கவில்லை.

பின்புறம் அடிபட்டு, குண்டுகளும் தீர்ந்துபோகும் நிலையில், புகைத்திரை இட்டபடி பெங்கால் விலகியது. அதில் இருந்தவர் ஒருவரும் உயிரிழக்கவில்லை. ஒந்தினாவிலோ ஹோர்ஸ்மன் கொல்லப்பட்டார். உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்கள் மீதும் ஐகோகு மாரு சுட்டது. டார்பிடோ தாக்கிய ஒந்தினா மூழ்கிவிடும் என்று எண்ணி அது அகன்ற பிறகு, எஞ்சிய மாலுமிகள் கப்பலேறித் தீயை அணைத்தார்கள். எண்ணெய் இல்லாத வெற்றுத் தொட்டிகளே அதை மிதக்க வைத்திருந்தன. ஒந்தினா மூழ்கியதாகவே கருதிய பெங்கால் நவம்பர் 17 அன்று தியாகோ கார்சியாவை அடைந்தது. மறுநாள் ஒந்தினா ஃப்ரீமாண்டில் திரும்பியது.